ஒளியைத் திருப்பும் காந்தம்

ஒளிக்கும் காந்தத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பெரும்பாலான மக்கள் எண்ணியிருந்தார்கள். அவர்கள் அவ்வாறு எண்ணியதற்குக் காரணமும் இருந்தது. வலிமை மிக்க காந்தமொன்றின் முனைகளுக்கு அருகே ஒரு கண்ணாடிக் கட்டியை வைத்து, அதனூடே விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தால், கதிர் வளைவதில்லை, மங்குவதில்லை, நிறம் மாறுவதுமில்லை. காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தோன்றுகிறது. ஆயினும் கண்ணால் நேரே அறியமுடியாத ஒரு குணத்தில் அந்த ஒளி மாறியே வெளிவருகிறது என்பதையும், அந்த மாறுதல் சர்க்கரைக் கரைசலிலும் ஸ்படிகத்திலும் முன்பே காணப்பட்ட மாறுதலுக்கு வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தும் இயல்பில் முற்றிலும் வேறானது என்பதையும் 1845-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இன்று கடலடிக் கம்பிகளில் ஓடும் செய்திகளைக் காப்பதும், நட்சத்திரங்களுக்கு இடையேயுள்ள வெளியின் காந்தத்தை அளப்பதும் அந்த இயல்பு வேற்றுமையின் பயன்களே.

அந்தக் குணம் இன்னதென்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒளி ஓர் அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்காகவே அதன் அதிர்வு நிகழ்கிறது. சூரியனிடமிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் சாதாரண ஒளியில் இந்தக் குறுக்கதிர்வு மேல்கீழாகவும், பக்கவாட்டிலும், இடைப்பட்ட எல்லாச் சாய்வுகளிலும் கலந்து நிற்கிறது. யாதேனும் ஓர் உபாயத்தால் அதனை ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி செய்துவிட்டால், அவ்வொளியைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். 1808-இல் பாரிஸ் நகரில் எத்தியேன் மாலுஸ் என்பவர், லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலைச் சூரியனை ஐஸ்லாந்து ஸ்படிகத்தின் வழியே நோக்கியபோது, ஸ்படிகத்தைச் சுழற்றச் சுழற்ற அதில் தெரிந்த இரு பிம்பங்களின் பிரகாசம் மாறிமாறிக் கூடிக் குறைவதைக் கண்டு, கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதனாலேயே ஒளி இந்தக் குணத்தை அடைகிறது என்று உணர்ந்தார். 1828-இல் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கோல் அதே ஸ்படிகத்தை அறுத்து ஒட்டிச் செய்த பட்டகம், தளவிளைவுற்ற ஒளியை எளிதில் உண்டாக்கவும் சோதிக்கவும் உதவியது. இத்தகைய பட்டகங்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒன்றுக்கு மற்றது செங்குத்தாகும்படி திருப்பிவிட்டால், முதலாவது விடுகிற ஒளியை இரண்டாவது முற்றிலும் தடுத்துவிடுவதால் இருள்தான் மிஞ்சும்.

அந்த இருளே ஒரு நுட்பமான அளவுகோல். இரு பட்டகங்களுக்கும் நடுவே சர்க்கரைக் கரைசல் நிரம்பிய குழாய் ஒன்றை வைத்தால் மறுபடியும் வெளிச்சம் தெரிகிறது. இரண்டாவது பட்டகத்தை இன்னும் சிறிது திருப்பினால்தான் பழையபடி இருள் வருகிறது. கரைசலினூடே சென்ற ஒளியின் அதிர்வுத் தளம் அந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்பதே இதன் பொருள். குவார்ட்ஸ் ஸ்படிகத்தில் இவ்விளைவை 1811-இல் அராகோவும், திரவங்களில் 1815-இல் பியோவும் கண்டார்கள். கரைசலில் உள்ள சர்க்கரையின் அளவை இம்முறையால் கணிக்கும் வழக்கம் சர்க்கரைத் தொழிலில் நிலைபெற்றது. ஒளியின் தளத்தைத் திருப்பும் சக்தி, பொருளின் உள்ளமைப்பில் இயற்கையாகவே உறைந்திருக்கும் ஒரு தன்மை என்பதே அக்காலத்து அறிஞர்களின் முடிவு.

பாரடே கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்று, உயர் கணிதத்தின் துணையின்றியே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேரறிஞராக உயர்ந்தவர். இயற்கையின் சக்திகள் அனைத்தும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை, ஆகையால் ஒன்றன்மேல் ஒன்று செயல்பட்டே தீரும் என்னும் நம்பிக்கை அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதிலும் ஊடுருவி நின்றது. அந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டே, மின்சாரம் பாயும் கரைசல்களின் வழியே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தி ஏதேனும் மாறுதல் உண்டா என்று 1822-லேயே தேடினார். 1830-களில் மறுபடியும் தேடினார். இரு முறையும் பயன் கிட்டவில்லை. 1845 ஆகஸ்டு மாதத்தில், பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸன் என்ற இளைஞர், மின்விசைக்கு உட்பட்ட பொருள்கள் தளவிளைவுற்ற ஒளியைப் பாதிக்குமா என்று வினவிக் கடிதம் எழுதவே, பாரடே பழைய முயற்சியை மீண்டும் கையில் எடுத்தார். மின்விசை இம்முறையும் பலன் தராமற் போகவே, அதனை விடுத்துக் காந்தத்தின் பக்கம் திரும்பினார்.

1845 செப்டம்பர் 13-ஆம் தேதி அவர் நடத்திய பரிசோதனைகளின் வரலாறு அவருடைய நாட்குறிப்பில் முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஆர்கண்டு விளக்கின் ஒளியைக் கண்ணாடியில் தெறிக்கவைத்துத் தளவிளைவுறச் செய்து, மின்காந்தத்தின் அருகே வைத்த பொருளினூடே செலுத்தி, மறுபுறம் நிக்கோல் பட்டகத்தின் வழியே நோக்கினார். காற்று, சாதாரணக் கண்ணாடிகள், பல வகை ஸ்படிகங்கள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தும், காந்த முனைகளைப் பல விதமாக மாற்றியமைத்தும் எதுவும் தெரியவில்லை. கடைசியில், ஈயம் மிகுதியாகக் கலந்த கனத்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டு அங்குல நீளமும் அரை அங்குலக் கனமும் உள்ள அத்துண்டு, தொலைநோக்கிகளுக்கு ஏற்ற உயர்ந்த கண்ணாடி செய்து தரும்படி ராயல் சொஸைட்டியார் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, 1820-களின் பிற்பகுதியில் அவர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தவற்றுள் ஒன்று. தொலைநோக்கிக்கு அந்த உழைப்பு பெரும்பயன் தரவில்லை. ஆனால் இப்போது, காந்தத்தின் விசைக்கோடுகள் ஒளிக்கதிரோடு இணையாகச் செல்லும்படி முனைகளை அமைத்து மின்சாரத்தை விட்டவுடன், இருண்டிருந்த பட்டகத்தில் விளக்கின் பிம்பம் தோன்றியது. மின்சாரத்தை நிறுத்தியவுடன் மறைந்தது.

சில நாட்களுக்குள் உல்விச் என்னும் ஊரிலிருந்து இன்னும் வலிய மின்காந்தம் ஒன்றை இரவல் வாங்கி வந்து சோதித்தபோது, முதல் நாள் ஒன்றும் காட்டாத பொருள்கள் பலவும் இவ்விளைவைக் காட்டலாயின. கனத்த கண்ணாடியில் அது மிகுதியாக இருந்தபடியால்தான் முதலில் அகப்பட்டது என்பதும் தெளிவாயிற்று. அதே கண்ணாடித் துண்டை நூலில் தொங்கவிட்டுக் காந்த முனைகளுக்கு நடுவே ஆராய்ந்ததன் பயனாக, காந்தத்தால் விலக்கப்படும் பொருள்களும் உண்டு என்ற மற்றொரு பெரிய உண்மையையும் அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் கண்டார்.

பாரடே கண்டதை விதியாக வகுத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானியான எமில் வெர்டே. 1850-களில் அவர் செய்த நுட்பமான அளவைகளின்படி, தளம் திரும்பும் கோணமானது காந்தப் புலத்தின் வலிமையையும், பொருளினூடே ஒளி கடக்கும் தூரத்தையும் பொறுத்து நேர்விகிதத்தில் வளர்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு திருப்பும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு வெர்டே மாறிலி என்றே பெயர் வழங்குகிறது. தண்ணீரை எடுத்துக்கொள்வோம்: பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள நீர்ப்பத்தியில் ஒரு டெஸ்லா அளவுள்ள காந்தப் புலத்தை நிறுவினால், மஞ்சள் ஒளியின் தளம் ஏறத்தாழ 22 பாகை திரும்பும். ஒரு டெஸ்லா என்பது நாம் வாழும் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் இருபதாயிரம் மடங்கு ஆகையால், இவ்விளைவு நம் அன்றாட அநுபவத்தில் தென்படாததில் ஆச்சரியமில்லை.

காந்தம் ஒளியைத் தானே பற்றித் திருப்புவதில்லை. நடுவே உள்ள பொருளின் மூலமாகவே திருப்புகிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழன்றுகொண்டு செல்லும் இரண்டு ஒளிகளின் சேர்க்கையாகக் கருதலாம் என்று பிரெனெல் என்ற அறிஞர் முன்பே காட்டியிருந்தார். இரண்டும் ஒரே வேகத்தில் சென்றால் சேர்க்கையின் தளம் மாறாது. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் தளம் சாயும். பொருளின் அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் அதிர்வுக்கு ஏற்ப அசைகின்றன. அசையும் மின்னேற்றத்தைக் காந்தப் புலம் ஒரு பக்கமாகவே ஒதுக்குவதால், அவை ஒரு திசைச் சுழற்சிக்கு ஒரு விதமாகவும் மறு திசைச் சுழற்சிக்கு வேறு விதமாகவும் இணங்குகின்றன. இந்தச் சிறு பேதம், இரு சுழல் ஒளிகளின் வேகத்திலும் பேதத்தை உண்டாக்குகிறது. எலெக்ட்ரானையே அறியாத காலத்திலும், காந்தப் புலத்தினுள் ஏதோ ஒரு சுழற்சி ஒளிந்திருக்க வேண்டும் என்று இவ்விளைவைக் கொண்டே தாம்ஸன் 1856-இல் வாதித்தார். அந்த வாதத்தைப் பின்பற்றிச் சென்ற மாக்ஸ்வெல், ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற சித்தாந்தத்தை 1860-களில் நிலைநாட்டினார்.

சர்க்கரை திருப்புவதற்கும் காந்தம் திருப்புவதற்கும் என்ன வேற்றுமை என்பதை இனிப் பார்க்கலாம். வலம்புரி மரையுள்ள திருகாணியைத் தலைப்பக்கமிருந்து பார்த்தாலும் நுனிப்பக்கமிருந்து பார்த்தாலும் அது வலம்புரியாகவே இருக்கும். சுழலும் சக்கரமோ, ஒரு பக்கம் நின்று பார்ப்பவனுக்கு வலமாகவும், எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு இடமாகவும் சுழல்கிறது. சர்க்கரைக் கரைசல் திருகாணியைப் போன்றது. ஒளி எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் தான் செல்லும் திசையைப் பொறுத்து ஒரே விதமாகத் திரும்புகிறது. ஆகையால் கரைசலைக் கடந்த ஒளியை ஆடியில் பட்டு வந்த வழியே திரும்பச் செய்தால், போகும்போது ஏற்பட்ட திருப்பம் வரும்போது அழிந்துவிடுகிறது. காந்தத்திற்கு உட்பட்ட கண்ணாடியோ சக்கரத்தைப் போன்றது. அங்கே திருப்பத்தின் திசையை நிர்ணயிப்பது காந்தப் புலத்தின் திசையேயன்றி ஒளி செல்லும் திசை அன்று. அதனால் திரும்பி வரும் ஒளியின் தளம் பின்னோக்கிச் செல்லாமல் மேலும் அதே பக்கமாகத் திரும்பி, மொத்தத் திருப்பம் இரட்டிப்பாகிறது. பாரடே இதை உணர்ந்து, கண்ணாடித் துண்டின் இரு முகங்களிலும் வெள்ளி பூசி, ஒளியைப் பலமுறை முன்னும் பின்னும் தெறிக்கவைத்து, சிறிய விளைவைப் பெரிதாக்கிக் கண்டார்.

போகும் வழிக்கும் வரும் வழிக்கும் இவ்வாறு வேற்றுமை இருக்குமானால், ஒளியை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வாயில் ஒன்றை அமைக்க முடியும் என்பதை 1885-இல் ராலே பிரபு எடுத்துக் காட்டினார். ஒன்றுக்கொன்று 45 பாகை சாய்ந்த இரு பட்டகங்களுக்கு நடுவே, ஒளியின் தளத்தைச் சரியாக 45 பாகை திருப்பும் காந்தக் கண்ணாடியை வைத்தால், முன்னோக்கிச் செல்லும் ஒளி தடையின்றி வெளியேறும். எதிர்ப்பக்கமிருந்து நுழையும் ஒளியோ மேலும் 45 பாகை திரும்பி, முதற் பட்டகத்திற்குச் செங்குத்தாகி நின்றுவிடும். பல்லாண்டுக் காலம் இது ஒரு விநோதமாகவே இருந்தது. லேசர் தோன்றிய பிறகே அதன் அருமை தெரிந்தது. ஏனெனில், தான் வெளியிட்ட ஒளியில் மிகச் சிறு பகுதி தெறித்துத் திரும்பி உள்ளே வந்தாலும் லேசரின் ஒழுங்கு குலைந்து, அதன் அலைநீளமும் பிரகாசமும் தடுமாறுகின்றன. ஆகையால் கண்ணாடி இழைகளின் வழியே தொலைபேசிப் பேச்சையும் இணையச் செய்திகளையும் அனுப்பும் லேசர்களின் முகப்பிலும், கடலுக்கு அடியில் இடையிடையே ஒளியைப் பெருக்கும் கருவிகளிலும், ஐசொலேட்டர் என்னும் இந்த ஒருவழி வாயில் இடம்பெறுகிறது. இழைகளில் செல்லும் அகச்சிவப்பு ஒளிக்கு, பிஸ்மத் கலந்த இரும்புக் கார்னெட் என்னும் ஸ்படிகம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்திலேயே 45 பாகை திருப்பிவிடுகிறது. தொழிற்சாலை லேசர்களில் பயன்படும் டெர்பியம் கேலியம் கார்னெட்டுக்கு, ஒரு டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டியிருக்கிறது.

மின்சாரத்தை அளப்பதிலும் இதே குணம் உதவுகிறது. லட்சக்கணக்கான வோல்ட் அழுத்தமுள்ள கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை அறிய, இரும்பு உள்ளகமும் செப்புச் சுருளும் எண்ணெய்க் காப்பும் கொண்ட பெரிய கருவிகளைத் துணைமின் நிலையங்களில் நிறுவுவது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக, கம்பியைச் சுற்றி ஒளியிழையைச் சில சுற்றுக்கள் சுற்றி, அதனூடே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தினால் போதும்: மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலம் ஒளியைத் திருப்புகிறது, திருப்பத்தின் கோணம் மின்னோட்டத்தைச் சொல்லிவிடுகிறது. சுற்று முழுமையாக மூடியிருக்கும் வரையில், கம்பி அதன் நடுவே இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும், அருகே வேறு கம்பிகள் சென்றாலும், அளவு மாறுவதில்லை. ஆம்பியர் வகுத்த விதியே அதற்குக் காவல். மின்னோட்டம் திசை மாறினால் திருப்பமும் திசை மாறுகிறது. இழையின் நுனியில் ஆடியை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்பினால், மின்னோட்டத்தால் ஏற்பட்ட விளைவு இரட்டிப்பாக, அதிர்ச்சி முதலியவற்றால் இழையில் நேரும் வேறு சில குழப்பங்கள் போகும் வழியிலும் வரும் வழியிலும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஒழிகின்றன. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது ஆதலால், அளப்பவருக்கும் உயரழுத்தக் கம்பிக்கும் நடுவே பாதுகாப்பும் தானே அமைந்துவிடுகிறது. லட்சக்கணக்கான ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தும் அலுமினிய உருக்காலைகளிலும் இம்முறை கையாளப்படுகிறது.

காந்தத் தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் தளமும் மிகச் சிறிதளவு திரும்புகிறது என்பதை 1870-களில் ஜான் கெர் என்ற ஸ்காட்லாந்து ஆசிரியர் கண்டார். தகட்டின் ஓரிடத்தில் காந்தம் மேல்நோக்கியிருந்தால் ஒரு பக்கமும், கீழ்நோக்கியிருந்தால் மறு பக்கமும் ஒளி சாய்வதால், எழுதிய செய்தியை லேசரால் படித்துவிட முடிகிறது. 1992-இல் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட மினிடிஸ்க் என்னும் இசைத்தட்டில், பதிவு செய்த பாட்டைப் படித்தது இந்த உபாயமே.

பூமியை விட்டு மேலே சென்றால் காந்தத்தின் இந்தத் தொழில் இன்னும் விரிந்த அரங்கில் நடக்கிறது. நமக்கு மேலே அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் அணுக்களினின்று பிரிந்து தனித்துத் திரிகின்றன. பூமியின் காந்தமும் அங்கே இருக்கிறது. ஆகவே அதனை ஊடுருவிச் செல்லும் வானொலி அலையின் தளம் திரும்பியே தீரும். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் ஆய்வுநிலையத்தார் சந்திரனை நோக்கி வானொலி அலைகளை அனுப்பி எதிரொலியைக் கேட்டபோது, அது மெல்ல மெல்ல மங்கியும் தெளிந்தும் வருவதற்குக் காரணம் இத்திருப்பமே என்று கண்டார்கள். சர்க்கரையின் திருப்பத்தைப் போல இதுவும் திரும்பி வரும்போது அழிந்துபோவதாக இருந்திருந்தால், அலை புறப்பட்டபடியே வந்து சேர்ந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டதனால்தான், அனுப்பிய தளத்திற்குக் குறுக்காக வந்த எதிரொலியை ஆன்டெனா சில வேளைகளில் ஏற்காமற் போயிற்று. மங்குதல் என்னும் இடையூறே அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான்களை எண்ணுகிற சாதனமாயிற்று. 1975-76-இல் இந்தியக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை ஒளிபரப்புவதற்காக ஆப்பிரிக்காவுக்கு மேலே நிறுத்தப்பட்ட ஏ.டி.எஸ்.-6 என்னும் விண்கலத்தின் வானொலிச் சைகைகளைக் கொண்டு, நம் உதகமண்டலத்திலும் இத்தகைய அளவைகள் எடுக்கப்பட்டன.

நட்சத்திரங்களுக்கு இடையேயுள்ள வெளியில் எலெக்ட்ரான்கள் மிகவும் அரிது. சராசரியாக முப்பது கன சென்டிமீட்டருக்கு ஒன்று என்னும் அளவில்தான் இருக்கின்றன. அங்குள்ள காந்தப் புலமும் பூமியின் காந்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கே. ஆனால் வெர்டேயின் விதியில் தூரத்திற்கும் இடம் உண்டல்லவா? மூவாயிரம் ஒளியாண்டு தூரத்தை இத்தகைய வெளியில் கடந்துவரும் 21 சென்டிமீட்டர் வானொலி அலையின் தளம், காந்தம் நெடுகிலும் ஒரே திசையில் இருக்குமானால், அரைச் சுற்றுக்குக் குறையாமல் திரும்பிவிடுகிறது. அலை புறப்பட்டபோது அதன் தளம் எப்படி இருந்தது என்பதை அறியாத நாம் திருப்பத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி இங்கே எழலாம். திருப்பம் அலைநீளத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது ஆகையால், ஒரே மூலத்தின் ஒளியைப் பல அலைநீளங்களில் நோக்கி, தளம் எவ்விதம் மாறிச் செல்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1962-இல் கூப்பர், பிரைஸ் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைக் கொண்டு, சென்டாரஸ் ஏ என்னும் வானொலி மூலத்தில் இதனைச் செய்து காட்டினார்கள்.

விண்வெளியிலும் திருப்பத்தின் திசை காந்தத்தின் திசையைச் சார்ந்தே இருக்கிறது: காந்தப் புலம் நம்மை நோக்கியிருந்தால் ஒரு பக்கமும், நம்மை விட்டு விலகியிருந்தால் மறு பக்கமும் தளம் திரும்புகிறது. ஆகையால் அது எவ்வளவு என்பதோடு எப்பக்கம் என்பதையும் நாம் அறிகிறோம். பல்சார்கள் என்னும் துடிக்கும் நட்சத்திரங்கள் இவ்வகையில் மிகவும் உதவியானவை. அவற்றின் துடிப்புக்கள் குறுகிய அலைகளில் முந்தியும் நெடிய அலைகளில் பிந்தியும் வந்து சேர்வதைக் கொண்டு, வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்தத் தொகையைத் தனியே கணித்துவிடலாம். திருப்பத்தை அத்தொகையால் வகுத்தால் வழிநெடுகிலும் உள்ள காந்தத்தின் சராசரி வந்துவிடும். நமது பால்வீதியின் ஒரு பகுதியில் காந்தம் ஒரு போக்காகவும், அடுத்த பகுதியில் எதிர்ப்போக்காகவும் செல்கிறது என்ற செய்தி இவ்வழியாகவே நமக்குக் கிடைத்தது. ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால், எம் 87 என்னும் வான்தொகுதியின் நடுவேயுள்ள கருந்துளையைச் சுற்றிய ஒளிவளையத்தின் தளவிளைவுப் படத்தை 2021-இல் ஈவென்ட் ஹொரைஸன் தொலைநோக்கிக் குழுவினர் வெளியிட்டபோதும், அங்குள்ள காந்தத்தின் அமைப்பை ஊகிப்பதற்கு இந்தத் திருப்பத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஒளி வரும் திசையோடு இணைந்த காந்தத்தை மட்டுமே இது காட்டும். குறுக்காக உள்ளதைக் காட்டாது. வழியில் ஓரிடத்தில் வலமாகத் திரும்பி, மற்றோரிடத்தில் இடமாகத் திரும்பிவிட்டால், மிஞ்சுகிற கழிவுத்தொகைதான் நமக்கு வந்து சேரும். இரண்டும் சமமானால், காந்தமே இல்லாததுபோலத் தோன்றும். ஆதலால் வானத்தின் எல்லாப் பக்கங்களிலும், வெவ்வேறு தொலைவுகளிலும் உள்ள ஆயிரக்கணக்கான மூலங்களை அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டே காந்தத்தின் வரைபடத்தை எழுத வேண்டியிருக்கிறது. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகிலும், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலையிலும் பரப்பி வைக்கப்பட்டிருக்கும் வானொலி ஆன்டெனாக்கள் இப்பணியில் ஈடுபட்டிருக்கின்றன. வான்தொகுதிகள் பிறந்தபோதே காந்தம் அவற்றினுள் இருந்ததா, அல்லது அவற்றின் சுழற்சியால் பின்னர் வளர்ந்ததா என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அந்த விடை எதுவாயினும், அதைச் சொல்லப்போகிற சாட்சிகளுள், இடமாகவோ வலமாகவோ சாய்ந்து வந்து சேரும் இந்த அலைகள் முதன்மையானவையாக இருக்கும்.